பிக்-அப் வண்டிக்கு அடுத்து எதைப் பொருத்துவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் நான்கு சக்கர இயக்க பிக்-அப் இருக்கிறது. நிறுவனம் கொடுத்த அளவிலேயே ஆல்-டெரெய்ன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான) டயர்களாக மாற்றிவிட்டேன். பின்தொட்டிக்கு மூடுகூண்டும் போட்டாயிற்று. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஜவ்வாது மலை, கொல்லிமலை, பழவேற்காடு என்று அடிக்கடி கிளம்பிவிடுவோம். அடுத்து ஏதாவது செய்வதற்காக இரண்டு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரர் இரும்பு முன்பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டாரான வின்ச்சும்தான் முதலில் என்கிறார். நண்பர்கள் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தச் சொல்கிறார்கள். மனைவி கூரைக் கூடாரம் கேட்கிறார். எதில் தொடங்குவது?
– வேளச்சேரி வாசகர்

பதில்: கடைக்குப் போவதற்கு முன்பு ஓர் எடைமேடைக்குப் போய் வாருங்கள். செங்குன்றம், மாதவரம், பூந்தமல்லி என்று லாரிகள் புழங்கும் பக்கமெல்லாம் எடைமேடை உண்டு. டீசலை நிரப்பி, நீங்கள் நால்வரும் ஏறி, வழக்கமாகப் பயணத்துக்கு எடுத்துச் செல்லும் தண்ணீர் கேன், அடுப்பு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, முழு வண்டியை ஒரு முறையும், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பாருங்கள். வண்டி அதிகபட்சம் எவ்வளவு மொத்த எடையோடு ஓடலாம் என்பது உற்பத்தியாளர் கையேட்டில் இருக்கும். எடைச்சீட்டில் வரும் எண்ணை அதிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுடைய உண்மையான கையிருப்பு. இரண்டு லட்சம் ரூபாய் தீர்வதற்கு முன்பே அது தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஏன் என்று சொல்கிறேன். இரும்பு முன்பம்பர் 50 முதல் 80 கிலோ வரை இருக்கும். இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் 35 கிலோவுக்குக் குறையாது. இருவர் படுக்கும் கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்தால் இன்னொரு 70 கிலோ ஆகிவிடும். தொட்டியின் மேல் ஏற்கெனவே மூடுகூண்டு உட்கார்ந்திருக்கிறது. இவற்றோடு நான்கு பேரின் எடையையும் கூட்டினால், சோற்றுப்பானையை ஏற்றுவதற்கு முன்பே நானூறு கிலோவைத் தாண்டிவிடுவீர்கள். எடை கூடக்கூட பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சூடேறும், வண்டி மணலில் இன்னும் ஆழமாகப் புதையும். கரடுமுரடான பாதைக்காக என்று வாங்கிப் பொருத்திய பொருள்களே அந்தப் பாதையில் வண்டியைத் திணற வைப்பதை வார இறுதிக் கூட்டுப் பயணங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

ஆகவே உங்கள் பணத்தில் முதல் பங்கு, எடை அதிகமில்லாத, விலையும் அதிகமில்லாத, கண்ணுக்குப் பகட்டாகத் தெரியாத சில பொருள்களுக்குப் போகட்டும். நல்ல டயர் போட்டுவிட்டீர்கள். ஆனால் அதன் காற்றைக் குறைக்கவும் ஏற்றவும் வழி வைத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. தார்ச்சாலைக்கு வைக்கும் 32, 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) காற்றோடு மணலில் இறங்கினால், எவ்வளவு விலையுயர்ந்த டயரும் குழிதான் பறிக்கும். 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் பதியும் நீளம் கூடி, வண்டியின் பாரம் பரவி, புதையாமல் மேலாக ஓடும். கற்பாதையில் 24, 25 வரை இறக்கினால் போதும். டயர் கல்லைத் தழுவிச் செல்வதால் அதிர்வும் குறையும், கிழிசலும் குறையும். காற்று குறைந்திருக்கும்போது வேகத்தை 30 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகாமலும், திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்காமலும் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்று அடித்தே ஆக வேண்டும் என்பதால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு பம்ப்பை விட்டுவிட்டு, பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்வும் கம்ப்ரெஸர் ஒன்றையும், தனியாக ஒரு நல்ல அழுத்தமானியையும், ட்யூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் வாங்கிவிடுங்கள். ஸ்டெப்னியும் அதே ஆல்-டெரெய்ன் டயர்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கை மட்டும் மாற்றிவிட்டு ஐந்தாவதை மறந்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான்.

அடுத்தது மீட்புச் சாதனங்கள். வண்டியின் அடியில் தெரியும் வளையங்களில் சில, கப்பலிலும் டிரெய்லரிலும் ஏற்றும்போது கட்டி வைப்பதற்காக மட்டுமே பற்றவைக்கப்பட்டவை. சேற்றில் சிக்கிய இரண்டரை டன் வண்டியைச் சுண்டி இழுக்கும் விசையை அவை தாங்காது. வண்டியின் அடிச்சட்டகமான சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்தும், எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதப்பட்ட கொக்கிகள் முன்னும் பின்னும் வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் கயிற்றைக் கோத்துவிடாதீர்கள். அந்த உருண்டை முறிந்து பறந்து ஆட்களைக் கொன்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இழுபடும்போது நீண்டு சுருங்கும் நைலான் மீட்புக் கயிறு ஒன்று, கயிற்றையும் கொக்கியையும் இணைக்கும் மென்கயிற்று ஷாக்கிள் இரண்டு, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிடிப்புப் பலகைகள் ஒரு ஜோடி, மடக்கு மண்வெட்டி ஒன்று. இவை அனைத்தும் சேர்ந்தே 25 கிலோவைத் தாண்டாது. உங்கள் பயணங்களில் நேரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவே போதும் என்பது என் கருத்து.

கடைக்காரர் சொல்லும் வின்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச்தான் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டரை டன் வண்டிக்கு 3,750 கிலோ என்று ஆகிறது. சந்தையில் 9,500 பவுண்டு என்று விற்பது ஏறத்தாழ 4,300 கிலோ இழுக்கும் என்பதால் அது பொருந்தும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த எண், உருளையை ஒட்டிய அடிச்சுற்றில் மட்டும் கயிறு இருக்கும்போது கிடைக்கும் விசை மட்டுமே. மேலே சுற்றுகள் ஏற ஏற இழுவை குறைந்துகொண்டே போகும். முழுச்சுமையில் அது 400 ஆம்பியருக்கு மேலேயே மின்சாரம் உறிஞ்சும் என்பதால் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் விட முக்கியமானது, வின்ச் கயிற்றைக் கட்டுவதற்கு எதிரே ஏதாவது இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் மரம் இருக்கும், அதுவும் அகலப் பட்டை சுற்றிய பிறகே கயிற்றைக் கோக்க வேண்டும். பழவேற்காட்டு மணலில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எதுவும் இருக்காது. ஸ்டெப்னியை ஆழக் குழி தோண்டிப் புதைத்து அதில் கட்டி இழுக்கும் முறை ஒன்று உண்டுதான். அந்தக் குழியைத் தோண்டும் நேரத்தில் பலகை வைத்து வண்டியையே வெளியே எடுத்துவிடலாம். துணைக்கு இன்னொரு வண்டியோடு போகிறவருக்கு வின்ச் அவசரமில்லை. தனி வண்டியாகச் சேற்றுப் பாதைகளுக்குப் போகும் வழக்கம் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

இரும்பு முன்பம்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே வண்டிக்கு முன்னால் பொருத்தும் இவ்வகை இரும்புக் காப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பு உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், மோதலின்போது நசுங்கி விசையை வாங்கிக்கொள்வதற்காக வடிவமைக்கப்பட்ட முன்பகுதிக்கு முன்னால் நசுங்காத இரும்பை நிறுத்தினால், அந்த விசை சேஸிஸ் வழியாக உள்ளே இருப்பவர்களிடம் வரும். காற்றுப்பை விரிய வேண்டிய கணமும் தவறலாம். எதிரே வருகிறவர் சைக்கிளில் வந்தால் அவர் கதி என்ன என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை வண்டியின் அடிவயிற்றுக்குக் கொடுங்கள். இன்ஜின் ஆயில் சம்ப், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் டேங்க் ஆகியவற்றுக்கு நிறுவனம் தரும் மெல்லிய தகடு, செம்மண் பாதையில் தெறிக்கும் சரளைக்குத் தாங்கும். ஜவ்வாது மலையின் உட்கிராமப் பாதைகளில் நிற்கும் பாறை முனைக்குத் தாங்காது. ஆயில் வடிப்பதற்குத் துளை விட்ட, கெட்டியான அலுமினியக் காப்புத் தகடு போட்டால் எடையும் அளவோடு இருக்கும். சகதி தங்கித் துருப்பிடிக்காமல் இருக்க, கழற்றிக் கழுவ வசதியாகப் பொருத்தச் சொல்லுங்கள்.

கொல்லிமலைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். அங்கே வேண்டியது நல்ல பிரேக்கும், இறக்கத்தில் இரண்டாம் கியரை விடாத பொறுமையும்.

இனி உயர்த்தும் விஷயம். பிக்-அப்பின் பின்புறம் ஒரே நீள அச்சு. அதன் நடுவில் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃப்பரன்ஷியல் உருண்டைதான் வண்டியிலேயே தரைக்கு மிக அருகில் இருப்பது. சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்தினால் உடல் உயரும், ஏற்றத்தில் பம்பர் இடிப்பது குறையும். அந்த உருண்டை இம்மியும் உயராது, ஏனென்றால் அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர் மட்டுமே. முன்புறத்திலோ தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால், உயர்த்த உயர்த்த, சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் சி.வி. ஜாயிண்ட் கூடுதல் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். வீல் அலைன்மென்டை அளவுக்குள் கொண்டுவர சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் மேல்கையையே மாற்ற வேண்டி வரலாம். சஸ்பென்ஷன் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பின்புற லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை நிரந்தரமாக எத்தனை கிலோ பாரம் இருக்கும் என்ற கணக்கில்தான் தயாரித்து விற்கிறார்கள். அந்தப் பாரம் தெரியாமல் வாங்குவது இடுப்பளவு எடுக்காமல் காற்சட்டை தைப்பது போலாகும்: கனத்த பட்டையைப் போட்டு வெறுந்தொட்டியோடு ஓடினால், பின்சக்கரம் துள்ளி, பிடிப்பை இழந்து, பிள்ளைகளின் முதுகையும் பதம் பார்த்துவிடும். கூடாரம் வருமா, நிரந்தரமாக எவை தொட்டியில் தங்கும் என்பதெல்லாம் முடிவான பிறகு, எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கலாம். அதுவரை, ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து ஷாக் அப்சார்பர் கசிகிறதா, இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்று சரிபார்த்து மாற்றினாலே வண்டி புதிதுபோல் நடக்கும்.

கூடாரத்தைப் பொறுத்தவரை, ஓர் இரவு தங்குவதற்குத் தரையில் விரிக்கும் நல்ல கூடாரமே போதும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். நால்வர் குடும்பத்துக்கு இருவர் கூடாரம் எப்படியும் போதாது. பெரிய அளவு வாங்கினால் உயரத்தில் ஏறும் எடை, பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும்.

இரண்டு செய்திகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பழவேற்காடு பறவைகள் சரணாலயம். மேலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம் என்பதால், மணலில் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். ஜவ்வாது மலையிலும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியோடு நுழைவது, 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம்.

கேள்வி: என் வி-கிராஸில் 255/60 ஆர்18 டயர்கள் தேய்ந்துவிட்டன. 265/65 ஆர்18 போட்டால் வண்டி நன்றாக உயரும் என்கிறார்கள். போடலாமா?
– அம்பத்தூர் வாசகர்

பதில்: கணக்குப் போட்டுவிடலாம். 255/60 ஆர்18 டயரின் முழு விட்டம் 763 மில்லிமீட்டர். 265/65 ஆர்18 டயருக்கு 802. வித்தியாசம் 39 மில்லிமீட்டர் என்றாலும், அச்சுக்குக் கீழே கிடைப்பது அதில் பாதிதான், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிஃப்பரன்ஷியலை உயர்த்த வேறு வழியில்லை என்பதால் அந்த இரண்டு சென்டிமீட்டருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் விட்டம் ஐந்து சதவீதம் கூடுவதால், முன்பு ஸ்பீடோமீட்டர் 80 காட்டிய இடத்தில் இப்போது வண்டி 84-இல் ஓடும். ஓடிய தூரமும் அதே அளவு குறைவாகப் பதிவாகும். எல்லாக் கியரும் சற்று நீண்டுவிடுவதால் மலையேற்றத்தில் முன்பைவிடச் சீக்கிரம் கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பார்த்தால், டயர் உட்பக்க மட்கார்டில் உரசுகிறதா என்பது தெரிந்துவிடும். நீங்கள் பெரும்பாலும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வீட்டுக்கும் இடையில்தான் ஓட்டுவதாகக் கடிதத்தில் இருக்கிறது. அப்படியானால் பழைய அளவிலேயே நில்லுங்கள். எந்த டயராக இருந்தாலும் அதன் சுமைக் குறியீடு பழைய டயருக்குக் குறையக்கூடாது. 112 என்று இருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெய்ன் வகை மட்டும் வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்த தார்ச்சாலையில் அதன் பிடிப்பு குறைவு. அது போடும் இரைச்சலில் வண்டிக்குள் பாட்டுக்கூடக் கேட்க முடியாது.

கேள்வி: எங்களிடம் டொயோட்டா ஹைலக்ஸ் உள்ளது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் வெள்ளம் நின்றது. இந்த மழைக்காலத்துக்கு முன்பு ஸ்நார்க்கல் பொருத்திவிட்டால் தைரியமாக ஓட்டலாமா?
– பள்ளிக்கரணை வாசகி

பதில்: ஸ்நார்க்கல் செய்வது ஒரே ஒரு வேலை: இன்ஜின் மூச்சிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், அது காற்றைப்போல் அழுந்தாது என்பதால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த ஆபத்தை அது குறைக்கிறது. ஆனால் ஆல்டர்னேட்டர், மின் இணைப்புகள், கதவு ரப்பர், இருக்கைக்கு அடியில் ஓடும் வயர்கள் ஆகிய எவையும் அதனால் உயர்ந்துவிடுவதில்லை. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம்வரை கடக்கக்கூடியது என்று நிறுவனமே சொல்கிறது. அது ஏறத்தாழ வளர்ந்தவரின் நடுத்தொடை உயரம். ஸ்நார்க்கல் வைத்தாலும் அந்த எண்ணையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட மலிவான, பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. ஓடிச் சூடான டிஃப்பரன்ஷியல் குளிர்ந்த வெள்ளத்தில் திடீரென்று இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைத் தடுக்க டிஃப்பரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் காற்று போய்வரும் பிரீதர் குழாய்களை நீட்டி, மேலே இன்ஜின் அறைக்குள் கொண்டுவந்து கட்டிவிடலாம். வெள்ளத்தில் ஓட்டிய பிறகு ஆயிலை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். இன்ஜின் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; தள்ளியோ இழுத்தோ வெளியே கொண்டுவர வேண்டும். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்நார்க்கல் உட்பட எதைப் பொருத்தினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நம் தெருக்களில் வெள்ளத்தின் ஆழத்தைவிட, மூடி நகர்ந்த பாதாளச் சாக்கடைக் குழிதான் ஆபத்து. அதற்கு எந்தக் கடையிலும் உபகரணம் இல்லை. நிற்கும் தண்ணீரில் நடைவேகத்துக்கு மேல் போகாதீர்கள். உங்கள் வண்டி எழுப்பும் அலை அண்டை வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும்.

கேள்வி: பிக்-அப் கூரையில் நீளமான எல்.இ.டி. விளக்குப்பட்டை வைக்கலாமா? இரவில் ஈ.சி.ஆரில் வெளிச்சம் போதவில்லை.
– திருவான்மியூர் வாசகர்

பதில்: பொதுச்சாலையில் அதை எரியவிடக்கூடாது என்பதால் உங்கள் குறைக்கு அது தீர்வாகாது. எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, அவரை உங்கள் பாதைக்கே கொண்டுவந்துவிடும். முதலில் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்திருக்கிறதா என்று பாருங்கள். மெருகேற்றினாலே வெளிச்சம் கூடும். அடுத்து, தொட்டியில் பாரம் ஏற்றினால் பிக்-அப்பின் பின்புறம் அமிழ்ந்து, முன்விளக்கின் ஒளி வானத்தைப் பார்க்கும். சாலையில் வெளிச்சம் குறைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்டியரிங் அருகே ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம் உங்கள் வண்டியில் இருந்தால், பாரத்துக்கு ஏற்ப அதைத் திருகிப் பாருங்கள். பாரமில்லாத நாளில் சுவருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பார்த்து, மாறியிருந்தால் மெக்கானிக்கிடம் சரிசெய்துகொள்ளுங்கள்.